கருத்தடை மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பது எப்படி

எனக்கும் அக்காவுக்கும் எழுதிக்கொடுத்தது ஒரே மாத்திரைதான். 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியாலும் (ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன்) 150 மைக்ரோகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலும் (புரோஜெஸ்டின் வகை ஹார்மோன்) கலந்த 21 மாத்திரை அட்டை, முடிந்ததும் ஏழு நாள் இடைவெளி. அக்காவை ஒவ்வொரு மாதமும் படுக்கையில் தள்ளிக்கொண்டிருந்த இடுப்புவலி அடங்கியது, ரத்தப்போக்கும் பாதியாகக் குறைந்தது. எனக்கோ மார்பு கனத்துக் கட்டிக்கொண்டது, உள்ளாடையில் அவ்வப்போது பழுப்புக் கறை, சாயங்காலமானால் காரணமே இல்லாமல் அழுகை. "எனக்கு ஒண்ணுமே பண்ணலையேடி" என்றாள் அக்கா. அவள் சொன்னதும் நிஜம், எனக்கு நடந்ததும் நிஜம்.

ஒரே அளவு மாத்திரையை விழுங்கினாலும் ரத்தத்தில் சேரும் ஹார்மோன் அளவு பெண்ணுக்குப் பெண் பல மடங்கு வேறுபடும். குடலும் கல்லீரலும் மருந்தை உடைக்கும் வேகம் எல்லோருக்கும் ஒன்றல்ல. போதாக்குறைக்கு, நாம் பொதுவாக 'மாத்திரை' என்று சொன்னாலும் அட்டைக்கு அட்டை உள்ளிருக்கும் மருந்தும் வேறு. 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கு அனுமதி பெற்ற முதல் மாத்திரையான எனோவிட்டில் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியால்தான். ஆகவே முந்தைய தலைமுறைப் பெண்கள் பட்ட பாட்டைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் விழுங்கியது வேறு.

யாராவது "எனக்கு அது ஒத்துக்கவே இல்ல" என்றால் மூன்று விஷயம் கேளுங்கள். அட்டையில் என்ன மருந்துப் பெயர் இருந்தது? எத்தனை மாதம் சாப்பிட்டாய்? அப்போது வேறு என்ன மருந்து, என்ன உடல்நிலை? என் தோழி ஒருத்தி, மாத்திரை போட்டதில் பீரியட்ஸ் தாறுமாறாகிவிட்டது என்று எல்லோரையும் எச்சரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுப் பார்த்தால் அவள் போட்டது அவசரகாலக் கருத்தடை மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளையில். தினசரி மாத்திரையைப் பற்றி அந்த அனுபவம் எதையுமே சொல்லாது.

தொடங்கும் முன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. உங்களுக்கோ பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கோ காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த கதை, ரத்தக்கொதிப்பு, மார்பகப் புற்றுநோய், கல்லீரல் நோய், அண்மையில் நடந்த பிரசவம், 35 வயதைத் தாண்டியும் தொடரும் புகைப்பழக்கம். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் பார்க்காமல் மாத்திரை எழுதினால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தலைவலியை மட்டும் விளக்கமாகச் சொல்லுங்கள். இன்னொரு தோழிக்குக் கண்முன்னே மின்னல்போலக் கோணல் கோடுகள் ஓடும், கால் மணி நேரம் கழித்துத்தான் ஒற்றைத் தலைவலி வரும். "எனக்கு அடிக்கடி தலை வலிக்கும்" என்றதோடு அவள் நிறுத்தியிருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைதான் கிடைத்திருக்கும். அந்த வகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். கோடுகளைப் பற்றியும் சொன்னதால் புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை கொடுத்தார்கள்.

மற்ற மருந்துகளையும் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிட்டாய்ன் போன்றவை கருத்தடையின் பலனைக் குறைத்துவிடும். லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தில் நேர்மாறு: ஈஸ்ட்ரோஜன் அதன் அளவைக் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பைத் திரும்ப வரவழைக்கலாம். அமாக்ஸிசிலின் மாதிரி வழக்கமான ஆன்டிபயாடிக்கால் பிரச்சினை இல்லை.

அடுத்தது குறிப்பேடு. முதல் மாத்திரைக்கு ஒரு மாதம் முன்பே எழுத ஆரம்பித்துவிடுங்கள். அந்த ஒரு மாதக் குறிப்பு இல்லையென்றால், ஏற்கெனவே இருந்த பருவும் அசதியும் மாத்திரையின் கணக்கில் ஏறிவிடும். நான் படுக்கும் முன் ஒரு வரி எழுதுவேன்: "மாத்திரை 9. கறை கொஞ்சம், பேட் தேவைப்படவில்லை. மார்பு தொட்டால் வலி. தூக்கம் சரி. மனசு 10க்கு 4, சாயங்காலம் அழுகை. வேலையில் சண்டை எதுவும் இல்லை." அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். அழுததற்கு வெளியே காரணம் இருந்ததா என்று பிறகு யோசித்தால் நினைவு வராது. தாம்பத்திய ஆசை, பிறப்புறுப்பு வறட்சி இரண்டையும் எழுதுங்கள். நாம் வாய்விட்டுச் சொல்லாமல் விடுவது இவற்றைத்தான்.

குமட்டல், மார்பு வலி, திட்டுத்திட்டான ரத்தக்கறை ஆகியவை பலருக்கு முதல் மூன்று மாதத்துக்குள் தாமாக அடங்கும். இரவில், சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். எடையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரையால் பெரிய அளவில் எடை கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் உடம்பில் நீர் தங்கி, உப்பினாற்போல் இருப்பது சிலருக்கு உண்டு.

மனசு விஷயத்தில் மூன்று மாதக் கணக்குப் பார்க்காதீர்கள். 2016இல் டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஹார்மோன் கருத்தடை எடுத்தவர்கள் மனச்சோர்வு மருந்து தொடங்குவது மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது, பதின்வயதுப் பெண்களிடம் இன்னும் கூடுதலாக. மாத்திரைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. பெரும்பாலான பெண்களுக்கு அப்படி எதுவும் நேர்வதும் இல்லை. என் அக்காவுக்கு அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு மனசு லேசானது, வலி போனதாலேயே. ஆனால் உங்களுக்கு இருட்டிக்கொண்டு வந்தால் அதே வாரம் டாக்டரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே. நான் முதலில் பார்த்தவர் "எல்லாம் உங்க நினைப்புதாம்மா" என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர் குறிப்பேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, மாத்திரை இல்லாத ஏழு நாளில் அழுகை குறைவதை விரல் வைத்துக் காட்டினார். இப்படிப் படிக்கிற டாக்டர் கிடைக்கும்வரை ஆளை மாற்றுங்கள்.

அவர் எனக்கு மாற்றிக்கொடுத்தது 3 மில்லிகிராம் ட்ரோஸ்பைரினோன் என்ற வேறொரு புரோஜெஸ்டினும் 20 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியாலும் உள்ள அட்டை: 24 மருந்து மாத்திரை, 4 வெற்று மாத்திரை. அதன் மறுபக்கத்தையும் சொன்னார். மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் வருடத்துக்கு சுமார் 2 பேருக்கு ரத்தம் உறையும். லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையில் 5 முதல் 7 பேர், ட்ரோஸ்பைரினோனில் 9 முதல் 12 பேர். கர்ப்பகாலத்தில் இதைவிடவும் அதிகம். இந்த எண்களைக் கேட்டுக்கொண்டுதான் சம்மதித்தேன். எனக்கு அழுகை நின்றது. இதே மாத்திரையில் தலைவலி வந்து பழையதற்கே திரும்பியவளும் எனக்குத் தெரிந்தவர்களில் இருக்கிறாள்.

மாற்றும்போது நடுவில் இடைவெளி விடாதீர்கள். பழைய அட்டையின் கடைசி மருந்து மாத்திரைக்கு மறுநாளே புதியதைத் தொடங்கலாம். பொறுக்க முடியாமல் பாதியில் நிறுத்தினால் அன்றிலிருந்தே ஆணுறை வேண்டும்.

ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மாத்திரையில் ஒன்றை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடுங்கள், அன்று இரண்டாக ஆனாலும் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டு அல்லது அதற்கு மேல் விட்டிருந்தால் கடைசியாக விட்டதை மட்டும் போட்டு, அட்டையைத் தொடர்ந்தபடி ஏழு நாள் ஆணுறை. அது அட்டையின் கடைசி வாரமாக இருந்தால் இடைவெளியைத் தவிர்த்து அடுத்த அட்டைக்குப் போய்விடுங்கள். முதல் வாரமாக இருந்து, அண்மையில் உடலுறவும் நடந்திருந்தால் அவசரகால மாத்திரை பற்றி டாக்டரிடம் உடனே கேளுங்கள். புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையைத் தாமதமாகப் போடக் கிடைக்கும் சலுகை நேரம் குறைவு: பழைய வகைகளில் 3 மணி நேரம், டெசோஜெஸ்ட்ரலில் 12 மணி நேரம்.

இவ்வளவும் நிதானமாகப் பார்க்க வேண்டியவை. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இதுவரை கண்டிராத கடும் தலைவலி, பார்வை மங்குவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் மரத்துப்போவது, பொறுக்க முடியாத வயிற்றுவலி: இவற்றில் ஒன்று வந்தாலும் குறிப்பேட்டை எடுக்க வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக "கருத்தடை மாத்திரை சாப்பிடுறேன்" என்று சொல்லி, அட்டையைக் கையில் கொடுங்கள்.