கார் ஸ்டார்ட் ஆவலையா? ஸ்பார்க் எங்க நிக்குதுன்னு நீங்களே கண்டுபிடிக்கலாம்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஆனி ஆடி சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு, குளச்சல் முட்டம் பக்கம்னா உப்புக்காத்து வேற, ஒயர் நுனி எல்லாம் பச்சை பூத்துரும். அதனால செல்ஃப் நல்லா எடுக்குது ஆனா வண்டி பிடிக்கலன்னா உடனே புது காயில் (பேட்டரி கரண்டை ஸ்பார்க்குக்கு வேண்டிய வோல்ட்டுக்கு ஏத்துறது) வாங்க நாகர்கோவிலுக்கு ஓடாதீங்க. பிளக்ல தொடங்கி பேட்டரி பக்கமா ஒவ்வொண்ணா பாத்துட்டு வாங்க, கரண்ட் நிக்குற இடம் தானா தெரியும். நான் சொல்றது டிஸ்ட்ரிபியூட்டர் (காயில்ல இருந்து வர்ற கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கா பிரிச்சு விடுறது) உள்ள பழைய பெட்ரோல் கார்களுக்கு.

முதல்ல ஸ்பார்க் டெஸ்ட். கியரை நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துடுங்க. ஒரு பிளக் ஒயரை உருவி, வேற ஒரு நல்ல பிளக்கை அதுல சொருகி, அந்த பிளக்கோட இரும்பு பாகம் எஞ்சின்ல நல்லா படுற மாதிரி கிளிப் ஒயரால பிடிச்சு வச்சுட்டு ஒருத்தரை செல்ஃப் அடிக்க சொல்லுங்க. கையால பிடிக்காதீங்க, பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல வரும். பெட்ரோல் வாடை அடிச்சா அது போற வரைக்கும் இந்த வேலையே வேண்டாம். நிழல்ல வச்சு பாருங்க, நீலமா டிக் டிக்னு வந்தா ஸ்பார்க்ல குறை இல்ல, பெட்ரோல் பக்கம் பாருங்க. மஞ்சளா சோர்ந்து வந்தா வீக்.

ஒரு பிளக்குக்கு மட்டும் வரலன்னா அந்த ஒயர், இல்லன்னா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில அது சொருகுற முனை. எதுக்குமே வரலன்னா டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு நடுவுல வர்ற காயில் ஒயரை உருவி அதே டெஸ்ட்டை செய்யுங்க. அங்க ஸ்பார்க் வருதா, அப்போ குறை மூடியிலயோ, அதுக்குள்ள சுத்துற ரோட்டர்லயோதான். மூடியை கழட்டி வெளிச்சத்துல திருப்பி பாருங்க, உள்ள ஈரம் இருக்கும், இல்லன்னா ஒரு முனையில இருந்து இன்னொண்ணுக்கு பென்சில்ல இழுத்த மாதிரி மெல்லிசா ஒரு கருப்பு கோடு ஓடும். ஈரம்னா துடைச்சு காய வச்சா போதும், கோடுன்னா மூடியை மாத்தியே ஆகணும், துடைச்சாலும் திரும்ப வரும். மூடி கழட்டின கையோட செல்ஃப் அடிச்சு ரோட்டர் சுத்துதான்னும் பாத்துக்கிடுங்க, சுத்தலன்னா டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், அதுக்கப்புறம் செல்ஃப் அடிக்காம மெக்கானிக்கை கூப்பிடுங்க.

காயில்லயே ஸ்பார்க் இல்லையா? டெஸ்ட் லேம்ப் (கிளிப் ஒயரும் கூர்முனையும் உள்ள சின்ன பல்பு) எடுங்க. கிளிப்பை எர்த்ல, அதாவது எஞ்சின் இரும்புல மாட்டி, சாவி ஆன்ல வச்சு, காயில் பிளஸ்ல தொடுங்க. எரியலன்னா பியூஸ், சாவி சுவிட்ச், இல்ல நடுவுல உள்ள ஒயர், பாதி கேஸ் இங்கயே முடிஞ்சுரும். எரிஞ்சா கிளிப்பை பேட்டரி பிளஸ்க்கு மாத்தி காயில் மைனஸ்ல தொட்டு செல்ஃப் அடிங்க. லைட் மினுக்கினா சிக்னல் சரி, காயிலும் அதுல இருந்து வர்ற தடி ஒயரும்தான் சந்தேகம். மினுக்கலன்னா, பாயிண்ட் (காயில் கரண்டை விட்டு விட்டு துண்டிக்குற சின்ன சுவிட்ச்) உள்ள வண்டியில அந்த பாயிண்டை உப்புத்தாள் வச்சு லேசா தேய்ச்சு கேப் சரி பண்ணுங்க, பெரும்பாலும் 0.4 மில்லிமீட்டர் கிட்ட வரும், பாயிண்டோட சேர்ந்த கண்டன்சரையும் பாருங்க. பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் வண்டின்னா, டிஸ்ட்ரிபியூட்டர் சுத்துறதை உணர்ற பிக்கப்போ, காயில் கரண்டை துண்டிக்குற இக்னைட்டரோதான் சந்தேகம்.

கம்ப்யூட்டர் மூலமா பெட்ரோல் தெளிக்குற எம்பிஎஃப்ஐ வண்டிக்கு, அந்த கம்ப்யூட்டரை படிக்குற ஸ்கேனர் வேணும். செல்ஃப் அடிக்கும்போது அதுல ஆர்பிஎம் பூஜ்யம்னே காட்டிட்டு இருந்தா எஞ்சின் சுத்துறதை உணர்ற கிராங்க் சென்சரோட கனெக்டரை முதல்ல கழட்டி, பின்ல உப்பு படிஞ்சிருக்கான்னு பாருங்க.