பளபள பாத்திரத்திடம் ஏமாறாமல் சூடு பார்ப்பது எப்படி?

எவர்சில்வர் டம்ளர் நிறையக் கொதிநீர். கையை வைத்தால் சுடுகிறது, ஆனால் தொடாமலே சூடு பார்க்கும் டெம்பரேச்சர் கன் 43 டிகிரி என்கிறது! வாங்கிய அன்றே அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். தப்பு என்னுடையது.

இந்தக் கருவி சூட்டை நேராக அளப்பதில்லை. பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை (பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரான் வரை அலைநீளம் கொண்டது) லென்ஸ் வழியாக வாங்கி, கணக்குப் போட்டுச் சொல்கிறது. மனிதத் தோல், பெயின்ட், எண்ணெய் ஏறிக் கறுத்த இரும்பு தோசைக்கல் எல்லாம் தங்கள் கதிரைத் தாராளமாக வெளிவிடும். அவற்றின் எமிசிவிட்டி, அதாவது கதிரை வெளிவிடும் திறன் (அதிகபட்சம் 1), 0.95 பக்கம். பளபள எஃகுக்கு அது 0.1, 0.2 அவ்வளவுதான், மீதிக்குச் சுற்றியுள்ள சுவரையும் உங்களையும் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும். விலை குறைந்த கருவிகள் எதைக் கண்டாலும் 0.95 என்றே நினைத்துக்கொள்ளும்.

சரி, செய்து பார்ப்போம்.

முதலில் கருவியைச் சோதியுங்கள். டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், கொஞ்சம் தண்ணீர், நன்றாகக் கலக்கி இரண்டு நிமிடம் விட்டு மேலிருந்து நேராகக் காட்டினால் 0 டிகிரியை ஒட்டி வர வேண்டும். ஏசி அறையிலிருந்து எடுத்து வந்த கருவி என்றால் கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அடுத்து தூரம். கருவியின் பக்கத்தில் 12:1 என்று போட்டிருந்தால், அது தூரத்துக்கும் அளக்கும் வட்டத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதம்; 60 செ.மீ. தள்ளி நின்றால் 5 செ.மீ. வட்டத்தின் சராசரிதான் கிடைக்கும். கருவி அடிக்கும் சிவப்பு லேசர் புள்ளி வெறும் குறி, அது எதையும் அளக்காது. கிட்டத்தில் புள்ளி ஓரிடம், அளவு ஓரிடம் என்று கொஞ்சம் விலகவும் செய்யும்.

இப்போது டம்ளர். காலியாக, ஈரமில்லாமல் இருக்கும்போதே வெளிப்பக்கம் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை, அளவு வட்டத்தைவிடப் பெரிதாக, காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தி ஒட்டுங்கள். வெந்நீர் ஊற்றி ஒரு நிமிடம் கழித்து டேப்பின் மேல் காட்டுங்கள், அப்புறம் பக்கத்தில் வெறும் எஃகின் மேல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் நம்பவே முடியாது. டேப் சொல்வதுதான் நிஜத்துக்குப் பக்கம். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், டேப் உருகி நாறும்.

எமிசிவிட்டியை மாற்றும் வசதி இருந்தால், எஃகின் மேல் காட்டியபடியே டேப் சொன்ன எண் வரும்வரை குறைக்கலாம். ஆனால் பளபளப்பில் அதை நான் நம்புவதில்லை, நீங்கள் ஓரடி நகர்ந்தாலே எண் மாறிவிடும்.

தோசைக்கல்லுக்கு டேப்பே வேண்டாம், அப்படியே காட்டுங்கள். நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியாகப் பாருங்கள், ஓரத்து மாவு ஏன் வேகவில்லை என்று புரியும். ஆவிக்கு நேரே மட்டும் பிடிக்காதீர்கள், லென்ஸ் வியர்த்துவிடும்.

டேப்பை டம்ளர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உரித்துவிடுங்கள், ஆறிவிட்டால் பசை ஒட்டிக்கொள்ளும்.