முதல் குவாட்காப்டர்: எந்தப் பாகம் யார் பேச்சைக் கேட்கிறது?

த்ராட்டிலைத் (ட்ரோனை மேலே எழுப்பும் ஸ்டிக்) தூக்கியதும் புது ட்ரோன் குப்புறக் கவிழ்ந்தால், பெரும்பாலும் எந்தப் பாகமும் பழுதில்லை. ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் (இனி கன்ட்ரோலர்) போட்ட கணக்கும் மோட்டார்கள் சுற்றும் விதமும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். 5 அங்குல ப்ரொப்பெல்லர், 4எஸ் (நான்கு செல் தொடராக உள்ள) லைப்போ பேட்டரி, 2400 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் இத்தனை சுற்று) மோட்டார் நான்கு, நான்கு மோட்டாருக்கும் சேர்த்து ஒரே ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும்) போர்டு என்ற அமைப்பை வைத்துப் பார்ப்போம்.

1. மின்சாரம்

முழு சார்ஜில் 16.8 வோல்ட். எக்ஸ்டி60 கனெக்டர் வழியாக நேரே ஈஎஸ்சிக்கு வருகிறது. கம்பி சேரும் அதே பேடில் (சால்டர் செய்யும் உலோகத் திட்டு) 35 வோல்ட், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். மோட்டார் சட்டென்று வேகம் குறையும்போது எழும் வோல்டேஜை அது தாங்கிக்கொள்ளும். இதை விட்டுவிட்டால் கைரோவில் (சுழற்சியை அளக்கும் சென்சார்) இரைச்சல் சேரும், சமயத்தில் ஈஎஸ்சியே எரியும். பேடு பெரியது, சூட்டை இழுத்துவிடும். 25 வாட் அயர்ன் பத்தாது, 60 வாட் வேண்டும்.

பேட்டரி மாட்டுமுன் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் தொடுங்கள். கெப்பாசிட்டர் சார்ஜாவதால் ஒரு கணம் பீப் வரலாம். விடாமல் கத்தினால் ஷார்ட்.

2. கட்டளை

ரிசீவரின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை), கன்ட்ரோலரின் ஆர்எக்ஸுக்குப் (பெறும் முனை) போக வேண்டும், ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு. டிஎக்ஸை டிஎக்ஸோடு சேர்த்தால் ரிமோட் பைண்ட் ஆகியிருந்தும் (ரிசீவரோடு இணைந்திருந்தும்) ஸ்டிக் அசைவு கணினித் திரையில் வராது.

நீங்கள் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளும்போது மோட்டாருக்கு நேரடியாக எதுவும் போவதில்லை. "இந்த வேகத்தில் சாய வேண்டும்" என்ற செய்தி மட்டுமே கன்ட்ரோலருக்குப் போகிறது. அது கைரோவை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படித்து, இடப்பக்க மோட்டார் இரண்டின் வேகத்தையும் கூட்டி, வலப்பக்கத்தைக் குறைக்கிறது. கன்ட்ரோலர் அனுப்பும் வேக எண்ணை ஈஎஸ்சி மூன்று கம்பிகளில் மாறிமாறிப் பாயும் மின்சாரமாக்குகிறது. மேலிருந்து பார்க்க ட்ரோன் வலஞ்சுழியாகத் திரும்ப வேண்டுமானால், இடஞ்சுழியாகச் சுற்றும் இரண்டு மோட்டார்கள் வேகமெடுக்கும். அவற்றின் எதிர்விசைதான் ஃப்ரேமைத் திருப்புகிறது. ஒரே ஒரு மோட்டார் தப்பான திசையில் சுற்றினாலும் இந்தக் கணக்கு மொத்தமும் குலைந்துவிடும்.

3. மோட்டார் சோதனை (ப்ரொப்பெல்லர் இல்லாமல் மட்டும்!)

கன்ட்ரோலரின் மென்பொருளான பீட்டாஃப்ளைட்டின் வழக்கமான வரிசை: பின் வலம் 1, முன் வலம் 2, பின் இடம் 3, முன் இடம் 4. 1, 4 வலஞ்சுழி. 2, 3 இடஞ்சுழி. மோட்டார்ஸ் பக்கத்தில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். திசை மாறியிருந்தால் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும். எண்ணே மாறியிருந்தால் கம்பியைத் தொடாதீர்கள், மென்பொருளில் வரிசையை மாற்றுங்கள்.

சுற்றாமல் நடுங்கினால் ஒரு கம்பியின் சால்டர் விட்டிருக்கிறது, அல்லது எம்3 ஸ்க்ரூ நீளம் அதிகமாகி மோட்டாரின் செம்புச் சுற்றில் இடிக்கிறது. இரண்டாவதுதான் ஆபத்து, ஈஎஸ்சியைக் காவு வாங்கும். ஸ்க்ரூ முனையை மோட்டாரின் இடுக்கு வழியாகக் கண்ணால் பாருங்கள்.

4. போர்டின் திசை

யூஎஸ்பியில் இணைத்து ட்ரோனை முன்னால் சாயுங்கள். திரையில் உள்ள உருவமும் முன்னால்தான் சாய வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் கன்ட்ரோலர் 90 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அதைச் செட்டிங்கில் சொல்லிவிடுங்கள்.

பிறகு ப்ரொப்பெல்லர். இறக்கையின் உயர்ந்த விளிம்பு, சுற்றும் திசையில் முன்னால் வர வேண்டும். தாழ்வாக அரை நிமிடம் நிறுத்திப் பறக்கவிட்டு இறக்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு மோட்டார்களைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் மேற்கொண்டு பறக்கவிடாதீர்கள். வளைந்த ப்ரொப்பெல்லரையும் தளர்ந்த ஸ்க்ரூவையும் முதலில் தேடுங்கள்.