ஓட்டைப் பார்த்ததும் ஊர் சொல்லாதீர்கள்

பானை ஓடு படிக்க வருகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே ஓர் அவசரம் வந்துவிடும்: கையில் இருக்கும் ஓட்டுக்கு ஒரு ஊரும் ஒரு நூற்றாண்டும் சொல்லிவிட வேண்டும். பையைக் கலந்துவிடுவது, எண்ணை மாற்றி எழுதுவது எல்லாம் இரண்டு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். கீழே இருப்பவை அப்படித் தானாகச் சரியாகாதவை.

வழவழப்பாக இருந்தால் ரோம்

1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலிய அரிட்டைன் ஓடுகள் கிடைத்தன. சிவப்பு மெருகும் குயவர் முத்திரையும் உள்ள பாண்டம் அது. கி.பி. 1ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்று சொல்ல அது போதும். கூடவே ரௌலட்டட் தட்டுகளும் வந்தன: மெல்லிய சுவர், மணல் உறுத்தாத நயமான மண், உள்பக்க அடியில் வட்டம் வட்டமாகப் பொடிப் பொடிப் பள்ளங்கள். அந்த அலங்காரம் மத்தியதரைக்கடல் பக்கத்து வழக்கம் என்பதால் தட்டின் மூலமும் அங்கேதான் என்று கொண்டார்கள். அதன்பின் எந்த ஊரில் ரௌலட்டட் கிடைத்தாலும் அந்த மண்ணடுக்கு கி.பி. 1ஆம் நூற்றாண்டு என்று எழுதுவது பழக்கமாயிற்று.

வங்காளத்திலும் அனுராதபுரத்திலும் பாலித் தீவின் செம்பிரானிலும்கூட இதே தட்டு இருக்கிறது. தொல்லியலாளர் விமலா பெக்லி அரிக்கமேட்டை மறுபடி ஆராய்ந்து, இதன் தொடக்கம் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்காவது போகிறது என்று காட்டினார். மண்ணைச் சோதித்ததில் இது இந்தியச் சரக்கு என்பதும் தெளிவானது. பள்ளம் போடும் உத்தி வேண்டுமானால் கடல் கடந்து வந்திருக்கலாம், தட்டு வரவில்லை. அலங்காரத்தைப் பார்த்து எடுத்த ஒரு முடிவு, அதை நம்பிய ஊர்களின் காலத்தை உண்மையைவிட இருநூறு ஆண்டு வரை பிந்தியதாக்கிவிட்டது. இதற்குப் பிறகும் ‘ரோமானியத் தட்டு’ என்று யாராவது எழுதினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஒயினும் எண்ணெயும் ஏற்றிவந்த ஆம்போரா என்ற சாடியிலும் இதே கதைதான். இந்தியாவில் ரோமானிய ஆம்போரா என்று பதிவான ஓடுகளில் பல, மெசொப்பொத்தேமியா–பாரசீக வளைகுடாப் பக்கத்து டார்பிடோ சாடிகள். பானை ஆய்வாளர் ராபர்ட்டா டாம்பர் அவற்றைப் பிரித்துக் காட்டினார். ஆம்போராவுக்கு இரண்டு கைப்பிடி உண்டு, டார்பிடோவுக்குக் கிடையாது. ஆனால் நம் கைக்கு வருவது உள்ளங்கை அளவு உடல் ஓடுதான். அதில் கைப்பிடியை எங்கே தேடுவது? உள்பக்கப் பூச்சைத்தான் பார்க்க வேண்டும். டார்பிடோவின் உள்ளே நிலக்கீல் (தார் போன்றது) கறுப்பாக, தடிப்பாக ஒட்டியிருக்கும். ஒயின் ஆம்போராவில் பைன் பிசின் பூசுவார்கள். அதுவும் காலப்போக்கில் கறுத்துத்தான் தெரியும், ஆனால் பெரும்பாலும் மெல்லிய படலம்.

இப்போது புதிதாக வந்தவர் என்ன செய்கிறார்? அழுக்கு என்று நினைத்து அந்தக் கறுப்பைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுகிறார். சாட்சி வாளித் தண்ணீரோடு போயிற்று.

செய்ய வேண்டியது இது. கழுவுமுன் ஒவ்வொரு ஓட்டையும் திருப்பி உள்பக்கம் பாருங்கள். கறுப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் தண்ணீர் காட்டாதீர்கள், விரல் படாமல் அலுமினியத் தாளில் சுற்றித் தனியே வையுங்கள். நேரடியாகப் பிளாஸ்டிக் பையில் போட்டால் பிளாஸ்டிக்கின் வேதிப்பொருள் எச்சத்தில் கலந்து சோதனையைக் கெடுக்கும். பூச்சில்லாத ஓடு என்றால், பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு, விளிம்பில் அரிசி அளவு சில்லைக் குறடால் கிள்ளி, புது முறிவைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பழைய முறிவில் மண் அப்பியிருக்கும், ஒன்றும் தெரியாது. பளபளக்கும் கறுப்பு எரிமலை மணல் நிறைய இருந்தால் இத்தாலியின் கம்பானியா வட்டாரத்தை நினைக்கலாம். நினைக்கலாம், அவ்வளவுதான். பதிவேட்டில் ‘இறக்குமதிச் சாடி, மூலம் ஐயம்’ என்று எழுதினால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கப் போவதில்லை.

சுவர் சீராக இருந்தால் சக்கரம்

பெரு நாட்டின் பழங்கால மோசே மக்கள் குயவர் சக்கரமே இல்லாமல், அச்சில் அழுத்தி, மனித முகச் சாடிகள் செய்தவர்கள். நம் பக்கத்துச் சிக்கல் இதற்கு நேர்மாறு: சக்கரத்தில் வனைந்த பானையை உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டிப் பெரிதாக்கும்போது வனைந்த வரிகள் அழிந்துவிடும். வயிற்றுப் பகுதியை விட்டுவிட்டுக் கழுத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், வரி அங்கே மிஞ்சியிருக்கும்.

கறுப்பு-சிவப்பு என்றால் ஒரே மக்கள்

பானையைக் கவிழ்த்துச் சுடுவதுதான் இந்த நிறத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். உள்ளும் வாய்ப்பகுதியும் காற்றுப் படாமல் கரியேறிக் கறுக்கும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். குஜராத்தின் லோத்தலிலும் உண்டு, ராஜஸ்தானின் அகாரிலும் உண்டு, தென்னாட்டுப் பெருங்கற்காலப் புதைகுழிகளிலும் உண்டு. எகிப்தின் பதாரியில் வாய் மட்டும் கறுத்த பானை இவற்றைவிடப் பழையது. சூளைப் பழக்கத்தை வைத்து உறவுமுறை பேசக் கூடாது.

அடியில் எழுதியிருப்பதை நம்புவது

முந்தைய பேரரசர் செங்ஹுவாவின் (1465–1487) ஆட்சிப் பெயரைப் பேரரசர் காங்ஷி காலத்துச் (1662–1722) சீனக் குயவர்கள் தங்கள் பீங்கானின் அடியில் தாராளமாக எழுதினார்கள். மண், பூச்சு, அடிவளையம் மூன்றையும் பார்த்த பிறகு எழுத்தைப் படியுங்கள்.

மேட்டில் பொறுக்கி வருவது

வேண்டாம்.