"நோட்ஸ் போன்லதான் சார் இருக்கு"

குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேராவது "போனைக் குறைச்சுட்டேன் சார்" என்கிறார்கள். எப்படி என்று கேட்டால், பத்து வருஷத்துக்கு முன் நான் அடித்த அதே கூத்து. ராத்திரி முழுக்க ரீல்ஸ் பார்க்காதே என்பதை உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார், அதை விட்டுவிடுகிறேன். மற்ற தப்பு வழிகள் இதோ.

பாடத்தைப் போனிலேயே படிப்பது

இதைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். சமச்சீர்ப் புத்தகம் பிடிஎஃப்பாகச் சும்மா கிடைக்கிறதே, எதற்குக் காசு என்று நானும் போனிலேயே படித்தேன். பூலித்தேவர் பாடம் திறந்திருக்கும். மேலே வாட்ஸ்அப் எட்டிப் பார்க்கும்: நண்பன் வீட்டுக் கல்யாணப் போட்டோ. ஒரு நிமிஷம்தானே என்று போனால், நாற்பது நிமிஷம் கழித்து யாரோ மீன் குழம்பு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பி வந்து 'நெற்கட்டும்செவல்' என்ற வரியையே மூன்றாவது முறை படிப்பேன். கண் ஓடும், மண்டையில் ஏறாது.

சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றி எழுதினார்: ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது. பூலித்தேவருக்கு நான் கொடுத்தது மீன் குழம்பு போக மீந்த மூளை.

அந்த வருஷம் கட்-ஆஃபுக்கு மூன்று மார்க் குறைந்தது. கேள்விக்கு ஒன்றரை மார்க். ஆக, இரண்டே கேள்வி. அடுத்த அறிவிப்பு வரும்வரை வீட்டில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்குங்கள், பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரவல் கேளுங்கள், ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போடுங்கள்.

எல்லா ஆப்பையும் ஒரே நாளில் அழிப்பது

நாலாம் நாள் எல்லாம் திரும்ப வந்திருக்கும்.

டோபமைன் விரதம்

போன் மாதிரி சுகங்களைச் சில நாள் தொடாமல் இருந்தால் டோபமைன் வடிந்து மூளை சுத்தமாகிவிடும் என்கிறார்கள். டோபமைன் மூளையில் சுரக்கிற ரசாயனம்; கழுவி ஊற்றுகிற அழுக்கு இல்லை. கைகால் அசையவே அது வேண்டும்.

21 நாள் கணக்கு

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் சொன்ன கணக்கு வேறு: புதுப் பழக்கம் படிய சராசரியாக 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. 22ஆம் நாள் "என்னால முடியாது சார்" என்று வந்து நிற்காதீர்கள்.

மேஜையில் கவிழ்த்து வைப்பது

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்ட் குழு 2017இல் வெளியிட்ட சோதனையில், சைலண்டில் போட்டு மேஜையில் வைத்தவர்களைவிட, போனை அடுத்த அறையில் விட்டவர்களே நன்றாகச் செய்தார்கள். பிறகு நடந்த சில ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இருக்கட்டும்; எட்டும் தூரத்தில் இருந்தால் என் கை போகும், அது எனக்குத் தெரியும்.

போன வாரம் ஒரு மாணவி, போனைக் கவரில் சுற்றி அடுப்படி அரிசி டிரம்மில் புதைத்துவிடுவதாகச் சொன்னாள். நடுவில் எடுத்தால், முழங்கை வரை ஒட்டியிருக்கும் தவிட்டைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாராம்.