அமெரிக்கப் பண்பாட்டை வகுப்பில் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பண்பாடு பற்றிய பாடம் என்றாலே பல வகுப்பறைகளில் ஒரே காட்சிதான். பலகையில் சுதந்திரம், சமத்துவம், தன்னம்பிக்கை, உழைப்பு என்று ஒரு பட்டியல். சுவரில் கொடி. நவம்பர் வந்தால் காகிதத்தில் வான்கோழி. பிள்ளைகள் உற்சாகமாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்காகவும் அமெரிக்கர்கள் நீதிமன்றத்திலும் தெருவிலும் தங்களுக்குள் மோதியிருக்கிறார்கள், இன்றும் மோதுகிறார்கள். அந்த வாதத்தை மாணவர் கண்ணில் காட்டாத செயல்பாடு எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும், அதைப் பண்பாட்டுப் பாடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியர்கள் அதிகம் தடுமாறும் இடம், நவம்பரில் வரும் நன்றி கூறும் நாளான தேங்க்ஸ்கிவிங். குடியேறிகளாக நடிக்கும் பாதிப் பிள்ளைகளுக்குக் கறுப்புத் தொப்பி, பூர்வகுடிகளாக நடிக்கும் மீதிப் பிள்ளைகளுக்கு இறகுக் கிரீடம், எல்லோரும் ஒரே மேசையில் விருந்து. அந்த நீண்ட இறகுக் கிரீடம் நாட்டின் நடுவே பரந்துகிடக்கும் சமவெளிகளில் வாழ்ந்த பூர்வகுடிகளுடையது. இந்த நாளின் தொடக்கமாகச் சொல்லப்படும் விருந்தில், 1621-இல் இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளுடன் உண்டவர்களோ கிழக்குக் கடற்கரையின் வாம்பனோவாக் மக்கள். கிரீடத்தை ஒட்டி முடிக்கும்போதே நூற்றுக்கணக்கான தனித்தனி இனங்களை ஒரே இனமாக்கிவிடுகிறோம்.

அதற்குப் பதிலாக அந்த விருந்தில் இருந்த குடியேறி எட்வர்ட் வின்ஸ்லோ 1621 டிசம்பரில் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்து பற்றி அதில் சில வரிகள்தான். பறவை வேட்டைக்கு நான்கு பேர் போனது, குடியேறிகள் துப்பாக்கிப் பயிற்சி செய்தது, வாம்பனோவாக் தலைவர் மசசோயிட் சுமார் 90 பேருடன் வந்தது, மூன்று நாள் உபசரிப்பு, வந்தவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தது. அவ்வளவே. மாணவர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, கடிதத்தில் இருப்பதையும் வாழ்த்து அட்டைகளில் இருப்பதையும் எதிரெதிரே எழுதச் சொல்லுங்கள். வான்கோழியின் பெயர் கடிதத்தில் இல்லை. மசசோயிட்டுக்கு அழைப்பு அனுப்பியதாக ஒரு வார்த்தையும் இல்லை. அப்படியானால் 90 பேர் ஏன் வந்தார்கள் என்று ஒரு மாணவர் கேட்கும் நிமிடத்தில்தான் வகுப்பு சூடுபிடிக்கும்.

உயர்நிலை வகுப்பென்றால் அங்கேயே நிறுத்தக் கூடாது. 1675-இல் மசசோயிட்டின் மகன் மெட்டாகோமின் தலைமையில் குடியேறிகளுக்கு எதிராகப் போர் மூண்டது. தோற்றுக் கொல்லப்பட்ட அவருடைய தலை, அதே பிளிமத்தில் பல ஆண்டுகள் கழியில் குத்தி வைக்கப்பட்டிருந்தது. உள்நாட்டுப் போருக்கு நடுவே 1863-இல் லிங்கன் வெளியிட்ட அறிவிப்பிலிருந்துதான் தேங்க்ஸ்கிவிங் ஆண்டுதோறும் வரும் தேசிய நாளாக நிலைபெற்றது. 1970 முதல் அதே நாளில் பிளிமத்தில் பூர்வகுடி மக்கள் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் போரைச் சொல்ல வேண்டாம். கிரீடத்தையும் ஒட்ட வேண்டாம்.

இதே போன்ற தவறு ரோசா பார்க்ஸ் பாடத்திலும் நடக்கிறது. நாற்காலிகளைப் பஸ் போல அடுக்கி, ஒரு மாணவி உட்கார, இன்னொருவர் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்கச் சொல்ல, மூன்றாமவர் கைது செய்ய, பத்து நிமிடத்தில் நாடகம் முடிகிறது. களைத்துப்போன ஒரு தையல்காரப் பெண் திடீரென்று மறுத்தார் என்பதே பிள்ளைகள் மனதில் நிற்கும். 1955 டிசம்பர் 1 அன்று கைதான பார்க்ஸ், அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய சங்கத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் உழைத்தவர். அந்தக் கோடையில்தான் டென்னசி மாநிலத்தில் ஓர் உரிமைப் போராட்டப் பயிற்சி முகாமுக்குப் போய்வந்திருந்தார். ஒன்பது மாதங்களுக்கு முன் அதே ஊரில் 15 வயது கிளாடெட் கால்வினும் எழுந்திருக்க மறுத்துக் கைதாகியிருந்தார்.

கைதுக் காட்சியை நடிப்பதைவிட, மறுநாள் காலையிலிருந்து என்ன செய்வது என்று மாணவர்களைத் திட்டமிட வையுங்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள் ஆயிரக்கணக்கானோர். எதிர்ப்பைக் காட்டப் பஸ்ஸில் ஏறக் கூடாது. சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். எங்கே கூடுவது, யார் யாரை ஏற்றிக்கொள்வது, பெட்ரோலுக்குப் பணம் எங்கிருந்து வரும்? குழுக்கள் ஆளுக்கொரு திட்டம் தீட்டிய பிறகு உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை அன்றிரவே துண்டறிக்கைகளை அச்சடித்தார். தேவாலயங்கள் பணம் திரட்டின. கறுப்பின டாக்ஸி ஓட்டுநர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். பஸ் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. சமத்துவம் என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேருடைய நடையும் கணக்குவழக்கும் இருந்தன என்பது அப்போது புரியும்.

அடிமை ஏலத்தை வகுப்பில் நடித்துக் காட்டுவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அமெரிக்கப் பள்ளிகளிலேயே இது நடந்து பெற்றோரின் கடும் கண்டனத்துக்கு உள்ளாகியிருக்கிறது. யாரோ ஒரு குழந்தை விற்கப்படுபவராக நிற்க வேண்டியிருக்கிறது. அந்த அவமானத்தால் யாருக்கும் வரலாறு கூடுதலாகப் புரிந்துவிடுவதில்லை. வகுப்பில் இருக்கும் ஒரே பூர்வகுடி மாணவரையோ கறுப்பின மாணவரையோ எழுப்பி, உங்கள் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பதும் இதற்குச் சளைத்ததல்ல.

சட்டத்தோடு பின்னிக்கிடக்கும் பழக்கத்தைக் குணமாகச் சொல்லிக்கொடுப்பது இன்னொரு தவறு. அமெரிக்கர்கள் தாராள மனம் கொண்டவர்கள், அதனால் உணவகத்தில் டிப்ஸ் வைக்கிறார்கள் என்று ஒரு பாடம். டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான். டிப்ஸ் சேர்த்தும் மற்ற ஊழியர்களுக்கான குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலரை எட்டாவிட்டால் மீதியை முதலாளி தர வேண்டும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் டிப்ஸ் வந்தாலும் முழு ஊதியம் கொடுத்தாக வேண்டும். ஒரு உணவகப் பில்லைக் கொடுத்து இரண்டு மாநிலங்களில் ஊழியரின் வருமானத்தைக் கணக்கிடச் சொன்னாலே போதும். தனிமனிதவாதமும் அப்படித்தான். தன் காலில் நிற்பதைப் போற்றும் அந்த நாட்டில்தான் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். பட்டியலோடு நிறுத்தும் ஆசிரியர் இதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்.

கடைசியாக, அமெரிக்கப் பள்ளிகளில் கொடியைப் பார்த்துச் சொல்லும் கொடி உறுதிமொழி. எல்லோரையும் எழுப்பி ஒப்பிக்க வைப்பதையே செயல்பாடாக வைத்துக்கொள்கிறார்கள். 1892-இல் எழுதப்பட்ட அந்த உறுதிமொழியில் கடவுளைக் குறிக்கும் சொற்கள் 1954-இல்தான் சேர்க்கப்பட்டன. மாணவர்களை அதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கைக் கொண்டுவந்தவை யெகோவாவின் சாட்சிகள் சமயத்தைச் சேர்ந்த குடும்பங்கள். இந்த விவரத்தைச் சொல்லாமல் உறுதிமொழியை ஒப்பிக்க வைப்பது பாதிப் பாடம்.

இதனுடன் 1969-ஆம் ஆண்டின் டிங்கர் வழக்கைச் சேர்த்து மாதிரி நீதிமன்றம் நடத்தலாம். வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புப் பட்டை கட்டிப் பள்ளிக்கு வந்ததால் அயோவா மாநிலத்தில் சில மாணவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு வயது 13. தீர்ப்பை முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் வாதம் செத்துவிடும். நிகழ்வுகளை மட்டும் கொடுத்து, பள்ளி நிர்வாகத்துக்காக வாதாடும் குழுவுக்கும் நல்ல பேச்சாளர்களை ஒதுக்குங்கள். மாணவர்கள் தீர்ப்பு எழுதிய பிறகு, ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மாணவர் பக்கம் வந்த உண்மையான தீர்ப்பையும், அதை மறுத்து நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதியதையும் சேர்த்தே படிக்கக் கொடுங்கள். 1943-இல் கொடி வழக்கில் மாணவர்கள் பக்கம் நின்ற அதே பிளாக், 1969-இல் பள்ளியின் பக்கம் நின்றார். இரண்டு வழக்குக்கும் இடையே அவர் கண்ட வேறுபாடு என்ன என்பதை அடுத்த வகுப்புக்கு ஒரு பக்க அளவில் எழுதிவரச் சொல்லுங்கள்.