பழைய காரைக் கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா? நீங்களே செய்யும் முதல் சோதனை

பழைய வீட்டைச் சுற்றிக் காட்டுபவர்கள் பெருமையாகச் சொல்வது ஒன்று உண்டு: "சுவர் ஒன்றரை அடி சார், அசையவே அசையாது." தடிமன் கூடினால் எடையும் கூடும். நிலம் ஆடும்போது அந்த எடைக்கு ஏற்பத்தான் விசையும் வந்து இறங்கும். ஓர் அட்டைப்பெட்டியைக் கையால் நெருக்கிப் பாருங்கள். அப்புறம் நான்கு மூலைகளையும் கிழித்துவிட்டு மறுபடி நெருக்குங்கள், பக்கங்கள் தனித்தனியே மடிந்துவிடும். நாம் தேடப்போவது அந்த மூலைப் பிடிப்பைத்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மெட்ராஸ் டெரஸ் வீட்டை, அதாவது மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கித் தட்டைக் கூரை போட்ட பழைய சென்னை வீட்டை, எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு ஏன் இந்தக் கவலை என்கிறீர்களா? 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அருகே கடலில் ஏற்பட்ட நடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. 2002இல் ஐ.எஸ். 1893 என்ற இந்திய நிலநடுக்க நெறிமுறை, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது.

டேப், டார்ச், தூக்குக்குண்டு, ஸ்க்ரூடிரைவர், சின்னச் சுத்தியல், நோட்டு இவை போதும். ஒரே ஒரு நிபந்தனை: நடுக்கம் வந்துபோன கட்டடத்துக்குள் இந்தச் சோதனைக்காக நுழையாதீர்கள். 1997 செப்டம்பர் 26, இத்தாலியின் அசிசி நகரம். அதிகாலை நடுக்கத்தின் சேதத்தைப் பார்க்கப் புனித பிரான்சிஸ் பேராலயத்துக்குள் சிலர் போயிருந்தபோது, முற்பகலில் இரண்டாவது நடுக்கம் வந்தது. வளைவுக்கூரை இடிந்து நான்கு பேர் இறந்தார்கள்.

படி 1: வெளியே ஒரு சுற்று. தரைப்படத்தை நோட்டில் வரைந்து கதவு, ஜன்னல்களைக் குறியுங்கள். மூலைக்கு மிக அருகில் ஜன்னல் இருந்தால் வட்டமிடுங்கள். பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய அறை, மேலே ஏற்றிய மாடி, இடித்தெடுத்த உள்சுவர் எல்லாவற்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

படி 2: மூலைகள். இங்கே அவசரப்படாதீர்கள். இரண்டு சுவர் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடுகிறதா? மேலே அகலமாகவும் கீழே மெலிந்தும் இருந்தால் சுவர் வெளிப்பக்கம் சாய்கிறது என்று சந்தேகப்படலாம்; தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துவிடுங்கள். புதிதாக சிமென்ட் பூசிய மூலையை நம்பாதீர்கள். பூச்சுக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு பிளவை நானே பார்த்திருக்கிறேன்.

படி 3: கூரை சுவரைப் பிடித்திருக்கிறதா? மெட்ராஸ் டெரஸில் தேக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிய செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்பு ஜல்லி, கடைசியில் தட்டோடு. எல்லாம் சேர்த்து 20 செ.மீ. என்று வைத்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 350 கிலோ தலைக்கு மேல் இருக்கிறது. சட்டங்கள் பெரும்பாலும் சுவரில் சும்மா உட்கார்ந்திருக்கும். சட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் கரையானோ ஈரமோ வேலையை முடித்துவிட்டது. சட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்றும் பாருங்கள். அவற்றுக்கு இணையாக நிற்கும் சுவர்களுக்குக் கூரையின் பிடிப்பு இன்னும் குறைவு.

படி 4: சுவரின் உள்ளே. சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பொத்தென்ற சத்தம் வந்தால் பூச்சு கழன்றிருக்கலாம், அல்லது சுவரே இரண்டு படலமாகப் பிரிந்திருக்கலாம். கல் கட்டடங்களில் இது பெரிய ஆபத்து. 2001 ஜனவரி 26 கட்ச் நடுக்கத்தில் மண்சாந்தில் கட்டிய கரடுமுரடான கல்சுவர்கள் ஏராளமாகச் சரிந்தன. சுவரின் முழுத் தடிமனுக்கும் குறுக்கே போகும் கற்கள் இல்லாவிட்டால், வெளிப்படலம் தனியே உரிந்து விழும். காரையை நகத்தால் சுரண்டியே உதிர்க்க முடிந்தால் அதையும் எழுதுங்கள்.

படி 5: ஒரு சின்னக் கணக்கு. மேலே எந்தப் பிடிப்பும் இல்லாமல் தனியாக நிற்கும் சுவர், அதன் தடிமனை உயரத்தால் வகுத்தால் வரும் அளவு முடுக்கத்தில் அடிவிட்டு ஆடத் தொடங்கும். 45 செ.மீ. தடிமன், 4.5 மீட்டர் உயரம் என்றால் 0.1, அதாவது புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு. ஐ.எஸ். 1893 நெறிமுறையின் 2016 பதிப்பில் மூன்றாம் மண்டலத்துக்கான காரணி, அதாவது நிலம் ஆடும் முடுக்கத்துக்கு வைத்த அளவு, 0.16. ஆடத் தொடங்கியதும் விழுந்துவிடும் என்று அர்த்தமில்லை, ஆனால் "ஒன்றரை அடி" பெருமை அங்கே முடிந்துவிடுகிறது. அதே சுவரின் தலையைக் கூரையோடு இரும்புக் கம்பியால் நன்றாகக் கட்டினால் தாங்கும் அளவு பல மடங்கு உயரும்.

படி 6: மேலே தொங்குபவை. கைப்பிடிச்சுவர், சுதை உருவங்கள், பயன்படாத புகைபோக்கி. உச்சியில் ஆட்டம் தரையைவிட அதிகம், அதனால் முதலில் விழுபவை இவைதான். வாசலுக்கு நேர் மேலே இருந்தால் சிவப்பு மையில் குறியுங்கள்.

சரி, பக்கம் நிறைந்துவிட்டதா? மூலைப் பிளவு, செத்த சட்டமுனை, பிரிந்த சுவர் மூன்றில் ஒன்று இருந்தாலும் பழைய கட்டடங்களில் பழகிய பொறியாளரிடம் நோட்டைக் கொடுங்கள், செங்கல், கல் கட்டடங்களை நிலநடுக்கத்துக்காக மதிப்பிட்டு வலுப்படுத்தும் ஐ.எஸ். 13935 வழிகாட்டியைத் தெரிந்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன விரிசல்தான் என்றால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை, பூச்சைச் சுரண்டிவிட்டு, இரு முனையிலும் பிளாஸ்டர் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். இடையில் என்றைக்குக் கண்ணாடி உடைகிறதோ, அன்றே பொறியாளருக்குப் போன் போடுங்கள்.